கண்டறியப்படவில்லை

செக்காலை ரோட்டு மாடியில்
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்த மதியம்
பத்து பிபிபி ஸ்டாண்டர்டை மூன்றாம் முறை செலுத்தினேன்.
திரையில் ஒரு மேடு எழ வேண்டும்.
புல்கூட எழவில்லை.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வருமாம்.
சட்டியில் போட்டவள் நான்,
என் கையால், அளந்து.
அகப்பையில் ஓட்டை.

"வோல்டேஜ ஏத்தி ஓட்டும்மா" என்றார் சாத்தப்பன்,
சம்பளம் தருகிறவர், அவசரக்காரர்.
ஏற்றித்தான் இருந்தது.
பொங்கலுக்கு முன் ஆயிரத்து முந்நூறில் கேட்ட காதுக்கு
இப்போது இரண்டாயிரத்து ஐந்நூறு போதவில்லை.
இன்னும் ஏற்றினால்
இரைச்சலும் கூடவே கத்தும்.

முதலில் காற்றின் மேல்தான் சந்தேகம்.
கீபோர்டுத் தூசி ஊதும் டப்பாவால்
ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு பீச்சு.
கோடு அசையவில்லை.
இருபத்தெட்டில் நைட்ரஜன், பதினெட்டில் தண்ணீர்,
இரண்டும் அடங்கி ஒடுங்கி இருந்தன.

பிறகு இன்லெட்.
லைனரை உருவினால்
உள்ளே இருந்த கண்ணாடிப் பஞ்சு
குழம்பு வடிகட்டிய துணி.
மூன்று மாதமாக மிளகாய், மிளகாய், மிளகாய்;
குண்டும் சம்பாவும் கக்கிய எண்ணெயெல்லாம்
அங்கேயே குடியிருந்தது.
மாற்றினேன்.
காலத்தில் அரை முழம் வெட்டி எறிந்தேன்
(குழலைச் சொல்கிறேன்.
மற்றதை வெட்ட முடிந்தால்
எந்த வாரத்தை வெட்டுவேன் என்று பின்னால் தெரிந்தது).
மேடு வந்தது,
எறும்புப் புற்றளவு.

ஆக, மூலம்.
"எரநூறு டிகிரி, தொட்டுறாதீங்க" என்றார்
போனில் கோயம்புத்தூர் தேவசகாயம்.
அவர் வருவதானால் வியாழன்.
வந்தால் இருபதாயிரம்.
சாத்தப்பன் என் கைகளைப் பார்த்தார்.

ஆறும்வரை இரண்டு மணி நேரம்.
கொப்புடையம்மன் கோயில் ஒலிபெருக்கியில்
யாரோ மைக்கைத் தட்டித் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்.
அவருக்கும் கேட்கவில்லை போல.

திறந்தேன்.
விரல்நகமளவு எஃகு வில்லை,
முகமெல்லாம் கரி.
அலுமினா மாவை விபூதிப் பதத்தில் குழைத்து
பஞ்சுக் குச்சியால் வட்டம் வட்டமாக.
பிறகு மெத்தனால் குளியல், மூன்று தடவை.
என் முகம் அதில் தெரிந்ததும் நிறுத்தினேன்.

இரவு முழுக்க பம்ப் உறிஞ்சியது.
கரண்ட் போகக்கூடாதென்று வேண்டிக்கொண்டேன்,
யாரிடம் என்று குறிப்பிடாமல்.

காலையில்
பிள்ளையார்பட்டிக் குன்றுபோல ஒரு மேடு,
இருபுறமும் ஒழுங்காகச் சரிந்து.
சாத்தப்பன் காபி வாங்கி வரச் சொன்னார்.

எனக்கு இறங்கவில்லை.
எப்போதிலிருந்து இது செவிடு?
பதிவேட்டைப் புரட்டினேன்.
பிப்ரவரி பதினெட்டு.
அதன் பின் இருபத்து மூன்று அறிக்கைகள்,
ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து,
அதற்கு மேலே "கண்டறியப்படவில்லை".
இல்லை என்று நான் எழுதவில்லைதான்.
வாங்கியவர்கள் இல்லை என்றுதான் வாசித்தார்கள்.

ஃபிரிட்ஜில் சாறுகள் மிச்சமிருந்தன.
வரிசையாக ஓட்டினேன்.
பத்து வரை சுத்தம்.
பதினொன்றில்
இருநூற்று முப்பத்தொன்றில் எழுந்து நின்றது
எத்தியான்.
ஸ்டாண்டர்டைவிட உயரம்.

தேவகோட்டை ஹபீப் ராவுத்தர்
மூன்றாவது மணியில் எடுத்தார்.
"பாய், அந்தப் பதினோராம் நம்பர் மூட்டைகள்..."
"பாதி போயிருச்சேம்மா.
சுத்தம்னு நீதானே எழுதிக் குடுத்த?"

மீதியை நிறுத்துங்கள் என்றேன்.
போனவை எங்கே போயின என்று கேட்டேன்.
ஒவ்வொரு கடைப் பெயராகச் சொல்லச் சொல்ல
பழைய அறிக்கையின் பின்பக்கத்தில்
எழுதிக்கொண்டேயிருந்தேன்.
சாத்தப்பன் எதிரே நின்றார்.
காபியில் ஆடை படிந்துவிட்டது.